ட்ரவுட்டுக்கு வலிக்குமா: உங்கள் ஊட்டி நண்பரின் வாதத்துக்குப் பதில்

"மூளையில் புறணி (மூளையின் வெளி அடுக்கு) இல்லை, ஆகவே ஊட்டி பக்கத்து அவலாஞ்சி ட்ரவுட் மீனுக்கு வலிக்காது" என்று தூண்டில் போடும் உங்கள் நண்பர் சொல்வது நிற்காது. காகத்துக்கும் நம்மைப் போன்ற ஆறடுக்குப் புறணி கிடையாது. காகத்துக்கும் வலிக்காது என்பாரா? முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கொக்கியில் மாட்டிய மீன் துடிப்பதெல்லாம் வெறும் அனிச்சைச் செயல் என்று அவர் நினைக்கிறார் போலும். அவலாஞ்சியில் வளரும் அதே வானவில் ட்ரவுட்டின் உதட்டில் உயிரியலாளர் லின் ஸ்னெடன் குழுவினர் அசிட்டிக் அமிலத்தை ஏற்றினார்கள் (2003). மீன்கள் உதட்டைச் சரளையில் தேய்த்தன. உப்புநீர் ஏற்றியவற்றைவிட மிகத் தாமதமாகவே இரை தொட்டன. வலிநிவாரணியான மார்பின் கொடுத்தபோது தேய்ப்பது குறைந்தது. அனிச்சை மணிக்கணக்கில் நீடிக்குமா?

இது வலுவான சான்று, முடிந்த முடிவு அல்ல. மறுக்கும் அறிவியலாளர்களும் உண்டு. ட்ரவுட்டில் கண்டதை எல்லா மீனுக்கும் ஏற்றிவிடாதீர்கள்.

"பிடித்துத் திரும்ப விட்டுவிடுகிறேனே" என்று அடுத்து நழுவுவார். கொக்கி குத்துவது அதே வாயில்தான்.