'சிறுபான்மை இனத்தவர் மட்டும்' என்று வேலை விளம்பரம் போடலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் 14 பேர் வேலை பார்க்கும் சிறிய தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனம் நடத்துகிறேன். இரண்டு ரன்னர்களும் (படப்பிடிப்பில் எடுபிடி வேலைகள் பார்க்கும் தொடக்கநிலை ஊழியர்கள்) ஒரு எடிட் அசிஸ்டென்டும் தேவை. எங்களுக்கு நிகழ்ச்சி தரும் சேனல், குழுவில் சிறுபான்மை இனத்தவர் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. 'கறுப்பின, ஆசிய விண்ணப்பதாரர்கள் மட்டும்' என்று விளம்பரம் செய்யலாமா? சொந்தக்காரர்கள் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கே கொடுக்கச் சொல்கிறார்கள். அதில் தவறில்லையே?

பதில்: இரண்டுமே கூடாது. 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம், இனத்தைக் காரணமாக வைத்து ஒருவருக்கு வேலை மறுப்பதை நேரடிப் பாகுபாடு என்கிறது (பிரிவு 13). மறுக்கப்பட்டவர் வெள்ளையரா, வங்காளியா, தமிழரா என்பது பொருட்டல்ல. உங்களிடம் ஒரு நாள்கூட வேலை செய்யாத விண்ணப்பதாரரும் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பாகுபாட்டு வழக்கில் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிடம் 'ஆசியர்களை மட்டும் அனுப்புங்கள்' என்று வாய்மொழியாகச் சொல்வதும் தனிச் சட்டமீறலாகும் (பிரிவு 111).

ஆனால் உங்கள் நோக்கத்துக்குச் சட்டம் நிறையவே இடம் தருகிறது. இனத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறது; ஆட்களைத் தேடும் இடத்தை மாற்றுவதைத் தடுக்கவில்லை.

பிரிவு 158-ன்படி, ஓர் இனத்தவரின் பங்கு மிகக் குறைவாக இருப்பதாக நியாயமாகக் கருதினால், அதைச் சரிசெய்ய அளவான நடவடிக்கை எடுக்கலாம். 'நியாயமாக' என்பதற்கு ஆதாரம் வேண்டும். அது ஒரு பக்கக் குறிப்பாக இருந்தால்கூடப் போதும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லண்டன்வாசிகளில் சுமார் 46 சதவீதம் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். உங்கள் 14 பேரில் எத்தனை பேர், எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று எழுதி, அந்தச் சதவீதத்தோடு ஒப்பிட்டு வையுங்கள். உங்கள் அலுவலகத்தில் ஆசியர்கள் ஏற்கெனவே நிறைய இருந்தால், ஆசியர்களுக்காக இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது. தமிழர் நடத்தும் நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஆதாரம் கையில் இருந்தால், குறைவாக உள்ள இனத்தவருக்கென்று அறிமுக நாள், பயிலரங்கு, வழிகாட்டல் நடத்தலாம். விளம்பரத்தின் அடியில் 'எங்கள் குழுவில் குறைவாக உள்ள கறுப்பின விண்ணப்பதாரர்களைக் குறிப்பாக வரவேற்கிறோம். தேர்வு தகுதியின்படி மட்டுமே' என்று எழுதலாம். பயிற்சி என்று பெயர் வைத்துச் சம்பளத்தோடு வேலை ஒப்பந்தம் கொடுத்தால் அது ஆள் சேர்ப்பாகவே கருதப்படக்கூடும். அப்போது அடுத்த பிரிவின் கடுமையான நிபந்தனைகள் வந்துவிடும்.

அடுத்த பிரிவு 159. இருவர் சமதகுதியோடு நிற்கும்போது மட்டும், பங்கு குறைவான இனத்தவரைத் தேர்ந்தெடுக்கலாம். எப்போதும் அப்படியே செய்வோம் என்று கொள்கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் தனியாக எடைபோட வேண்டும். இந்த 'சமதகுதி'யில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 2019-ல் இங்கிலாந்தின் செஷயர் காவல்துறை தோற்ற வழக்கைப் பாருங்கள். 127 விண்ணப்பதாரர்கள் தேறியதும் அத்தனை பேரும் சமமானவர்கள் என்று வைத்துக்கொண்டு, அதன்பின் சிறுபான்மையினருக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டே முடிவை வைத்து அத்தனை பேரும் சமம் என்று சொன்னதைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. எனவே எடிட் அசிஸ்டென்ட் வேலைக்கு நான்கு அளவுகோல்களை முன்கூட்டியே எழுதுங்கள்: ஃபுட்டேஜை ஒழுங்குபடுத்தல், எடிட்டிங் மென்பொருள், கவனம், குழுவோடு வேலை செய்தல். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். நேர்காணல் எடுக்கும் இருவரும் கலந்து பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இன விவரம் கேட்கும் கண்காணிப்புப் படிவத்தை இந்த முடிவுக்குப் பயன்படுத்த முடியாது. 2018-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த விவரத்தைப் புள்ளிவிவரத்துக்காகவே அனுமதிக்கிறது. தனி ஒருவரைப் பற்றிய முடிவுக்கு அந்த அனுமதி செல்லாது. பிரிவு 159-ஐப் பயன்படுத்த நினைத்தால், விண்ணப்பத்திலேயே நோக்கத்தைச் சொல்லி, தனிக் கேள்வியாக, சம்மதத்தோடு கேளுங்கள். 'சொல்ல விரும்பவில்லை' என்ற தெரிவும் இருக்கட்டும்.

இதையெல்லாம்விட நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, இப்போது ஆட்களை எப்படி எடுக்கிறீர்கள் என்பதை. ப்ரொடக்‌ஷன் மேனேஜர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'திங்கள்கிழமைக்கு ஒரு ரன்னர் வேண்டும்' என்று போட்டு ஒரு மணி நேரத்தில் ஆளை முடிப்பதுதான் இந்தத் துறையின் வழக்கம். அந்தக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவர்களே திரும்பத் திரும்ப வருவார்கள். பலன் ஓர் இனத்தவருக்குப் பாதகமாக இருந்து, அதற்கு நியாயமும் காட்ட முடியாவிட்டால், மறைமுகப் பாகுபாடாக (பிரிவு 19) வழக்கு வரலாம். சொந்தக்காரர்கள் வழியாக ஆள் எடுத்தாலும் இதே கதைதான். குறைந்தது பத்து நாள் பொதுவில் விளம்பரம் செய்யுங்கள். உள்ளூர்க் கல்லூரிகளுக்கும் அனுப்புங்கள். 'ஓட்டுநர் உரிமம் கட்டாயம்' என்ற வரியை, வேலையில் வண்டி ஓட்டினால் மட்டும் வையுங்கள். 'பிரிட்டனில் அனுபவம்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். தமிழ் நிகழ்ச்சிக்கு ஆள் வேண்டுமென்றால் 'தமிழர்' என்று கேட்காமல் 'தமிழில் சரளமாகப் பேசவும் எழுதவும் தெரிந்தவர்' என்று கேளுங்கள்; வேலைக்கு அந்த மொழி உண்மையிலேயே தேவை என்றால் அது சட்டத்தின் முன் நிற்கும்.

ரன்னரைச் செலவுக்காசு மட்டும் கொடுத்து வைத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். வீட்டில் வசதி உள்ளவர்கள்தான் அப்படி மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பார்கள். வாடகை கொடுத்து வாழும் பிள்ளைகள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். சட்டப்படியும் செல்லாது: நேரம் குறித்து வேலை வாங்கினால் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. படிப்பின் கட்டாயப் பகுதியாக ஒரு வருடத்துக்கு மேற்படாமல் வரும் மாணவர்களுக்கு விலக்கு உண்டு.

மதிப்பெண் தாள்களையும் குறிப்புகளையும் ஒரு வருடம் பத்திரமாக வையுங்கள். வழக்கு வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அவைதான். சேனலுடனான ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். இத்தனை பேர் இந்த இனத்தவராக இருந்தே ஆக வேண்டும் என்ற வாசகம் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். சேனல் கேட்டது என்பது தீர்ப்பாயத்தில் உங்களுக்குப் பதிலாகாது. 'இந்த இலக்கை நோக்கி நியாயமான முயற்சிகள் எடுப்போம்' என்று மாற்றச் சொல்லுங்கள். எடுத்த முயற்சிகளின் பட்டியலை இணைப்பாகக் கொடுங்கள்.