12 வயது நாய்க்கு பிபி மாத்திரை: ஈறு வீங்குகிறது, சோர்ந்து படுக்கிறது, நிறுத்திவிடலாமா?

மண்டபம் ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை தொடங்கியபின் ஈறு வீக்கம், சோர்வு என்கிறீர்கள். சரி, நீங்களாக நிறுத்தாதீர்கள். அழுத்தம் எகிறினால் விழித்திரை பிரிந்து திடீரெனப் பார்வை போகலாம். பழகிய வாசல்படியில் முட்டிக்கொண்டு நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஈறு தடிப்பது இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுதான். உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பல்லை மூடிக்கொண்டு சதை வளர்ந்திருந்தால் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் வற்றிவிடும்.

சோர்வு வேறு கதை. அழுத்தம் ரொம்ப இறங்கியிருக்கலாம், அளந்தால்தான் தெரியும். மேல் அளவு 160-ஐத் தாண்டினால் உயர்வு, 180-க்கு மேல் ஆபத்து. ஆனால் மேஜையில் ஏற்றினாலே பயத்தில் ஏறும். பத்து நிமிடம் உங்கள் காலடியில் படுக்கவிட்டு, முதல் அளவைத் தள்ளிவிட்டு, ஐந்தாறு முறை எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்லுங்கள்.

நாய்க்கு பிபி பெரும்பாலும் தனியாக வராது. சிறுநீரகக் கோளாறோ, கார்ட்டிசால் ஹார்மோன் அதிகமாகிற குஷிங் நோயோ பின்னால் இருக்கும். ரத்தம், சிறுநீர் பார்த்தார்களா? எனலாப்ரில் என்ற இன்னொரு பிபி மருந்தைச் சேர்த்தால், ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் மறுபடி பார்க்க வேண்டும்.

அப்புறம் கருவாடு. எங்கள் கிழட்டு நாய் பாம்பனில் காயப்போட்ட நெத்திலியைத் திருடித் தின்றுவிட்டு, சட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் காலி செய்யும். அவ்வளவு உப்பு இந்த நோய்க்கு ஆகாது. உப்பில்லாமல் வேகவைத்து முள்ளெடுத்த மீன் கொஞ்சம் கொடுக்கலாம். சிறுநீரகம் கெட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.