கருந்துளையின் ஸ்வரம்

கேள்வி: பெர்சியஸ் கருந்துளையின் ஒலி என்று 2022இல் நாசா வெளியிட்ட பதிவைக் கேட்டேன். விண்வெளியில்தான் காற்றே இல்லையே, ஒலி எங்கிருந்து வந்தது? கணினியில் செய்த கற்பனையா?

பதில்: பதிவில் நீங்கள் கேட்டது கணினி உயர்த்திக் கொடுத்த சுருதி. ஆனால் அலை உண்மையானது. வகுப்பில் பல ஆண்டுகள் ‘விண்வெளி வெற்றிடம்’ என்று சொல்லிக்கொடுத்தவன் நான். பெர்சியஸ் படத்தைப் பார்த்த பிறகு அந்த வாக்கியத்தை அப்படியே சொல்வதை விட்டுவிட்டேன்.

பெர்சியஸ் என்பது ஏறக்குறைய 24 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள விண்மீன் திரள்களின் கொத்து. திரள்களுக்கு இடையே மிக மெல்லிய வாயு நிறைந்திருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஒரு துகள்கூடத் தேறாது. ஆனாலும் பரப்பு அவ்வளவு பெரிது என்பதால், அங்குள்ள விண்மீன்கள் அனைத்தையும் சேர்த்தாலும் இந்த வாயுவின் எடைக்கு ஈடாகாது. வெப்பமோ பல கோடி டிகிரி. இவ்வளவு சூடான பொருள் எக்ஸ் கதிர்களில்தான் ஒளிரும். சாதாரணத் தொலைநோக்கிக்கு அந்த இடம் வெறும் இருட்டு. எக்ஸ் கதிர்களை நம் வளிமண்டலம் தடுத்துவிடுவதால், பார்க்கும் கருவி மேலே போயாக வேண்டும். 1999இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி அப்படிப் போனது. நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது பொருத்தம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

சந்திரா 53 மணி நேரம் உற்று நோக்கிப் பதிவுசெய்த படத்தை ஆராய்ந்து, கேம்பிரிட்ஜின் ஆண்ட்ரூ ஃபேபியன் குழுவினர் 2003இல் அலைகளை அறிவித்தார்கள். கொத்தின் நடுவில் என்ஜிசி 1275 என்ற செயல்மிகு விண்மீன் திரள், அதாவது மையக் கருந்துளை தீவிரமாக இயங்கும் திரள். அதன் கருந்துளையிலிருந்து பீறிடும் தாரைகள் சுற்றியுள்ள வாயுவை ஒதுக்கிக் குமிழ்களை ஊதுகின்றன. குமிழ் விரியும்போதெல்லாம் வாயு நெருங்கி, தளர்ந்து, வெளியே பரவுகிறது. நெருங்கிய இடம் சற்றே பிரகாசமாகவும் தளர்ந்த இடம் மங்கலாகவும் தெரியும். குளத்து வளையங்கள் போல. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 35,000 ஒளியாண்டு. ஓர் அலை கடந்தபின் அடுத்தது வர ஏறக்குறைய 1 கோடி ஆண்டுகள். பியானோவின் நடு ‘சி’க்கு 57 ஸ்தாயி கீழே உள்ள ஸ்வரம் அது! எந்தச் செவிக்கும் எட்டாது, அதனால்தான் உயர்த்தினார்கள்.

எனக்கு ஒலியைவிட அந்தக் குமிழ்கள்தான் பெரிய செய்தி. ஒளிரும் வாயு ஆற்றலை இழக்கிறது. இழந்தால் குளிர வேண்டும். குளிர்ந்தால் நடுவில் கொட்டி ஏராளமான விண்மீன்களாக மாறியிருக்க வேண்டும். எதிர்பார்த்த அளவில் அது நடக்கவில்லை. இழக்கும் வெப்பத்தைக் கருந்துளை ஈடுசெய்கிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அதில் அலைகளின் பங்கு எவ்வளவு, வாயுவின் கொந்தளிப்பின் பங்கு எவ்வளவு என்பதில்தான் வாதம். ஜப்பானின் ஹிட்டோமி என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் 2016இல் அந்தக் கொந்தளிப்பின் வேகத்தை நொடிக்கு 164 கிலோமீட்டர் என்று அளந்தது. ஏவிய சில வாரங்களிலேயே அந்தச் செயற்கைக்கோளை இழந்தோம். அந்த இழப்பு இன்றும் மனத்தை உறுத்துகிறது. 2023இல் கிளம்பிய எக்ஸ்ரிசம் செயற்கைக்கோள் அந்த வேலையைத் தொடர்கிறது.

கேள்வி: நம் பால்வெளியிலும் இப்படிக் குமிழ்கள் உண்டா?

பதில்: உண்டு. ஈரோசிட்டா தொலைநோக்கி 2020இல் காட்டியது: பால்வெளித் தட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒவ்வொன்றும் சுமார் 45,000 ஒளியாண்டு உயரம். ஊதியது நடுவிலுள்ள கருந்துளையா, அங்கே ஒரு காலத்தில் கூட்டமாகப் பிறந்து வெடித்த விண்மீன்களா என்பது இன்னும் தீரவில்லை.