இந்தியாவில் அசெம்பிள் செய்த ஐபோன் மட்டமா?

கேள்வி: துபாயில் இருக்கும் தம்பி எனக்கு ஐபோன் வாங்கி வருகிறான். "இந்தியாவில் அசெம்பிள் செய்தது வேண்டாம், சீனாவில் செய்ததாகப் பார்த்து வாங்கு" என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். அவனிடம் என்ன சொல்ல?

பதில்: அசெம்பிள் ஆன நாட்டைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 'சீனப் பொருளா?' என்று மூக்கைச் சுளித்த தலைமுறைதான் இன்று சீனாவில் செய்ததைத் தேடுகிறது! துபாய்க் கடையில் இருப்பதும் ஸ்ரீபெரும்புதூரில் பாகங்களைப் பூட்டியதாக இருக்கலாம். எங்கே பூட்டினாலும் சிப் தைவானுடையது, கேமரா சென்சார் ஜப்பானின் சோனியுடையது.

2023இல் ஓசூர் ஆலை ஒன்றில் தயாரான ஐபோனின் வெளிக்கூடுகளில் பாதியளவே தரச் சோதனையில் தேறுகின்றன என்று செய்தி வந்தது. இந்தச் சந்தேகத்துக்கு அதுவும் தீனி போட்டிருக்கும். ஆனால் தேறாதவை கழிக்கப்பட்டவை. அந்த நஷ்டம் ஆலைக்கு, வாங்குபவருக்கு அல்ல.

பெயரைப் பார்த்து விலை போடும் பழக்கம் எங்கும் உண்டு. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் 1984 முதல் கூட்டாக நடத்திய ஆலையில், ஏறத்தாழ ஒரே கார் கொரோலா என்றும் ஜியோ பிரிசம் என்றும் இரு பெயர்களில் வெளிவந்தது. ஆலையும் தொழிலாளர்களும் ஒன்றே. ஆனாலும் ஜப்பானியப் பெயர் தாங்கிய கொரோலாவுக்குத்தான் பழைய கார் சந்தையில் கூடுதல் விலை.

போனில் இந்தப் பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். புது ஐபோன் எதுவும் முதல் ஓரிரு நாள் சூடாகும். பழைய போனின் தகவல்களை இறக்கிக்கொண்டு, பின்னணியில் படங்களை வகைப்படுத்திக்கொண்டிருக்கும். பெட்டியில் இந்தியா என்று இருந்தால் "பார்த்தாயா, நம் ஊர் வேலை" என்போம். சீனா என்று இருந்தால் சார்ஜரைக் குறை சொல்வோம்.

உண்மையான வேறுபாடு விற்பனை நாட்டில் இருக்கிறது. மாடல் எண்ணின் கடைசியில், சாய்கோட்டுக்கு முன் எச்என் (HN) என்றால் இந்தியா, எல்எல் (LL) என்றால் அமெரிக்கா. அமெரிக்க மாடல்களில் ஐபோன் 14 முதலே சிம் தட்டு கிடையாது. 17 வரிசையில் அமீரக மாடல்களிலும் இல்லை, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இ-சிம் மட்டும்தான். உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்ற முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். உத்தரவாதச் சேவையை விற்ற நாட்டோடு நிறுத்திக்கொள்ளவும் ஆப்பிளின் விதி இடம் தருகிறது. இங்குள்ள சேவை மையத்தில் அந்த மாடலைப் பழுது பார்ப்பார்களா என்று கேட்டுக்கொண்டு, தம்பியிடம் பில்லைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.