வீகன்கள் ஏன் இறைச்சி போன்ற தாவர உணவை விரும்பிச் சாப்பிடுகிறார்கள்?

வீகன் என்றால் இறைச்சி, மீன், முட்டையோடு பால், தேனையும் விட்டவர். தாவர இறைச்சி என்பது சோயா, பட்டாணி, கோதுமைப் புரதத்தில் செய்து, கறியைப் போலவே மென்று சாப்பிட வரும் உணவு. நம் வீட்டு மீல்மேக்கரும் இந்த வகைதான். எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி எடுக்கும்போது அந்த நார்த்தன்மை வருகிறது.

ஏன் பிடிக்கிறது? அவர்கள் விட்டது உயிரைக் கொல்வதை, ருசியை அல்ல. சர்க்கரை நோய் வந்தவர் டீயை விடுவதில்லையே, சர்க்கரையைத்தானே விடுகிறார்!

பாம்பனில் மீன் குழம்பு வாசத்தில் வளர்ந்தவர் வீகனாக மாறினாலும் நாக்கு பழசை மறக்காது. ஊறவைத்துப் பிழிந்த மீல்மேக்கரைக் கொதிக்கும் குழம்பில் போட்டால் புளியையும் மிளகாயையும் அப்படியே இழுத்துக்கொள்ளும். கடல் வாடை வேண்டுமா? கொஞ்சம் கடற்பாசி சேர்த்தால் போதும். அப்புறம், பாம்பனுக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிறார்களே, கப்பாபைகஸ் பாசி, அந்த வகையிலிருந்து எடுக்கும் கேரஜீனன் என்ற கூழ்ப்பொருள்தான் பல தாவர இறைச்சிகளில் பிடிமானத்துக்குச் சேர்கிறது. நம் கடற்கரைக்கு இதில் பங்கு இருப்பது எனக்கு உண்மையிலேயே பெருமை.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தாலே வீகன் என்று பலர் நினைக்கிறார்கள். பால் சேர்ந்த பொருளுக்கும் அதே புள்ளிதான், அதனால் பின்பக்கத்தில் உள்ள சேர்பொருள்களைப் படித்துவிட்டு வாங்குங்கள்.