காந்த மறுஇணைப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: காந்தக் கோடுகள் அறுந்து ஒட்டுகின்றன என்கிறார்களே, எப்படி?

பதில்: கோடு நூல் அல்ல, நாம் வரைந்துகொள்வது. எதிரெதிர் திசைப் புலங்கள் நெருங்கினால் நடுவே மெல்லிய மின்னோட்டத் தகடு உருவாகும். அங்கே புலத்தின் இணைப்பு மாறி, அதிலிருந்த ஆற்றல் துகள்களுக்குப் போகிறது. இதுதான் மறுஇணைப்பு.

கேள்வி: சூரிய வெடிப்பும் இதுதானா?

பதில்: ஆம். 1992 ஜனவரி 13 வெடிப்பில், காந்த வளையத்தின் உச்சிக்கும் மேலே கடின எக்ஸ் கதிர் வந்ததை யோக்கோ செயற்கைக்கோள் பார்த்தது.

கேள்வி: நண்டு நெபுலாவின் காமா வெடிப்பில் என்ன புதிர்?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். நடுவே பல்சர் என்னும் வேகமாகச் சுழலும் விண்மீன் உள்ள வாயு மேகம் அது. மாறாத விளக்கு என்று கருவிகளைச் சரிபார்க்கப் பயன்பட்டது. 2010 செப்டம்பரில் அஜிலே, ஃபெர்மி என்னும் காமா கதிர் செயற்கைக்கோள்கள் அது திடீரெனப் பொங்கியதைக் கண்டன. 2011 ஏப்ரலில் இன்னும் பெரிதாக. சிக்கல் ஆற்றலில்தான். எலக்ட்ரானை முடுக்குவது மின்புலம். அதைச் சுழலவைத்து ஆற்றலைக் கதிராகக் கறப்பது காந்தப்புலம். மின்புலம் காந்தப்புலத்தை மிஞ்சாதவரை, வரவும் செலவும் சமமாகும்போது கதிரின் ஆற்றல் சுமார் 160 மெகா எலக்ட்ரான்வோல்ட் என்ற வரம்பைத் தாண்டாது. காந்தப்புலம் எவ்வளவு வலுவானாலும் இதே எண். வெடிப்போ அதைத் தாண்டியது!

மறுஇணைப்புத் தகட்டின் நடுவில் காந்தப்புலம் ஏறக்குறைய இல்லை, மின்புலம் இருக்கிறது. துகள் அங்கேயே ஒடுங்கி ஓடி, செலவில்லாமல் ஆற்றல் சேர்க்கிறது. அப்புறம் வெளியே வலுவான புலத்தில் சிக்கியதும் சேர்த்ததை ஒரே மூச்சில் காமாவாகக் கொட்டுகிறது.

கேள்வி: கோடு அறுந்தால் முனை எங்கே போகும்?

பதில்: முனை கிடையாது. முதல் பதில்.

கேள்வி: துகளை முடுக்க அதிர்ச்சி அலை போதாதா? எல்லாவற்றுக்கும் மறுஇணைப்பா?

பதில்: சூப்பர்நோவா எச்சங்களை அதிர்ச்சி அலைக்கே விட்டுவிடுகிறேன், சண்டை இல்லை. ஆனால் பல்சர் காற்றில், அதாவது பல்சர் வீசும் துகள் ஓட்டத்தில், காந்தம் மிகுதி. புலம் குறுக்கே கிடக்கும்போது துகள் அலையைத் திரும்பத் திரும்பக் கடக்க முடியாது, முடுக்கம் மந்தம்.

கேள்வி (அதிர்ச்சி அலை கேட்டவரே): கதிரை வீசும் மூலம் நம்மை நோக்கி வேகமாக வந்தால் அந்த 160 வரம்பு உயருமே?

பதில்: உயரும், நல்ல அடி. ஆனால் நெபுலாவில் நாம் காணும் ஓட்டங்கள் ஒளிவேகத்தில் ஏறக்குறையப் பாதிதான். அது போதாது.

கேள்வி: சார், கோடு எப்படி அறுகிறது?

பதில்: முதல் பதில், சார்.

கேள்வி (மீண்டும் அவரே): தகடு மெல்ல மெல்லத்தானே கரையும்? வெடிப்பு சில நாட்களில் முடிகிறது.

பதில்: ஸ்வீட்-பார்க்கர் என்ற பழைய மறுஇணைப்புக் கணக்கில் மெல்லத்தான். நீண்ட தகடு அப்படியே நிற்காது, காந்தத் தீவுகளாக உடையும். துகள்கள் ஒன்றோடொன்று மோதாத பிளாஸ்மாவில் (மின்னேற்றத் துகள்களின் வாயு) புலம் தகட்டுக்குள் இழுக்கப்படும் வேகம், ஆல்ஃப்வேன் வேகத்தில் (காந்த அதிர்வு பரவும் வேகம்) பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வரும். பல்சர் காற்றில் ஆல்ஃப்வேன் வேகமே ஒளிவேகத்தை ஒட்டியது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்.