லாலிஷின் மயில் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக ஈராக்கில், எர்பில் நகரத்தில் ஒரு கட்டுமான வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் பழநி பக்கம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லீவில் நாங்கள் நாலு பேர் வண்டி பேசிக்கொண்டு லாலிஷ் போனோம். யஸீதிகள் என்ற சிறுபான்மைச் சமயத்தவரின் புனிதத் தலம், இரண்டு மணி நேரப் பயணம். ஊருக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கோயில் வாசலை ஒட்டிய சுவரில் ஒரு கருநாகம் செதுக்கியிருக்கிறது. பார்த்ததும் கை தானாகக் கூப்பிக்கொண்டது. உள்ளே தூண்களில் கலர் கலராகப் பட்டுத்துணி கட்டியிருந்தார்கள். எல்லோரும் அதில் முடிச்சுப் போட்டார்கள், நானும் போட்டேன்.

படங்களைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதும் சித்தப்பா ஒரு ஃபார்வர்டை அனுப்பினார். யஸீதிகள் கும்பிடும் மயில் நம் முருகன்தான், அவர்கள் பழங்காலத்தில் இங்கிருந்து போனவர்கள், மறுபிறவியும் சாதியும்கூட அவர்களிடம் இருக்கிறது என்று அதில் இருந்தது. ஆனால் எங்கள் டிரைவர், குர்து முஸ்லிம், நல்ல மனிதர், அங்கே ஒரு குடும்பம் அன்பாகக் கொடுத்த டீயைத் தொடவே இல்லை. திரும்பும் வழியில், "இவர்கள் ஷைத்தானைக் கும்பிடுகிறவர்கள்" என்றார். யார் சொல்வது சரி? அந்தப் பாம்பு என்ன கதை?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

அந்த ஃபார்வர்டு எனக்கும் வந்திருக்கிறது, குறைந்தது ஆறு பேரிடமிருந்து, ஒரு படத்தோடு. ஒரு பக்கம் உச்சியில் மயில் வைத்த நம் குத்துவிளக்கு. மறுபக்கம் யஸீதிகளின் புனிதச் சின்னமான சஞ்சக்: பித்தளைத் தண்டு, அடுக்கடுக்காகத் தட்டு, மேலே ஒரு பறவை. முதல்முறை பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பழநிக்காரருக்கு அதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை என்றால்தான் ஆச்சரியம். அதனால் சித்தப்பாவை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் 1850 வாக்கில் ஒரு சஞ்சக்கை நேரில் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். பழைய அசீரிய நகரமான நினிவேயைத் தோண்டிய ஆங்கிலேயர் லேயர்ட். அந்தத் தண்டு மொசூலிலும் பாக்தாதிலும் வீடுகளில் புழங்கும் விளக்குத் தண்டைப் போலவே இருந்தது என்று எழுதுகிறார். மேலே இருந்த பறவை மயிலைப் போலவும் இல்லையாம், சேவலைப் போலவும் இல்லையாம், ஏதோ இந்திய அல்லது மெக்சிகோ நாட்டு விக்கிரகம் போல இருந்ததாம். மெக்சிகோக்காரர்கள் இதை இன்னும் ஃபார்வர்டு செய்ய ஆரம்பிக்கவில்லை. மொசூல் நூற்றாண்டுக் கணக்கில் உலோக வேலைக்குப் பேர்போன ஊர். அங்கே வார்த்த விளக்கும் நம் நாச்சியார்கோயிலில் வார்த்த விளக்கும் ஒரே சாடையில் இருப்பதற்கு இரண்டு பேரும் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை. தண்டு நிற்க வேண்டும், எண்ணெய் சிந்தாமல் தட்டு வேண்டும், உச்சியில் அழகுக்கு ஏதாவது வேண்டும்.

பறவை மட்டும் நம் பக்கத்திலிருந்துதான் போயிற்று, அதில் சந்தேகமில்லை. மயில் மெசொப்பொத்தாமியாவின் காட்டுப் பறவை அல்ல. இந்திய வணிகர்கள் பாவேரு நாட்டுக்கு ஒரு மயிலைக் கொண்டுபோய்க் காட்டியதை பௌத்த ஜாதகக் கதை ஒன்று சொல்கிறது. பாவேரு என்பது பாபிலோன். அங்கே அதுவரை காக்கையைக் கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள் மயிலைக் கண்டதும் காக்கையை மறந்தே போனார்களாம். எபிரேய பைபிளில் சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த 'துக்கி' என்பது நம் 'தோகை'தான் என்று கால்டுவெல் சொன்னார். இன்றைய ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை, எனக்கு ஆசை இருக்கிறது, அவ்வளவுதான். ஆக, பறவை கப்பலேறியிருக்கிறது. சாமியும் கூடவே ஏறியதற்கு ஒரு தடயமும் இல்லை.

யஸீதிகள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் கும்பிடுபவர் பெயர் தாவூஸி மெலெக். அப்படியென்றால் மயில் மலக்கு, அதாவது மயில் வடிவான வானவர். மயில் அவருக்கு வாகனம் இல்லை, அவரே மயில். வேல் கிடையாது, வள்ளி கிடையாது, சூரனும் கிடையாது. அவருக்கு மேலே கடவுள் ஒருவர்தான், பெயர் ஹுதே. அவர் தன் ஒளியிலிருந்து ஒரு வெள்ளை முத்தை உண்டாக்கினார். முத்து உடைந்து தண்ணீர் பெருகிக் கடலாயிற்று. நிலம் என்று ஒன்று இல்லை, எங்கும் ஒரே கலங்கல். அப்போது லாலிஷ் இறங்கிவந்தது, பாலில் உறை விழுந்ததுபோல, பூமி உறைந்து கெட்டியானது. அவர்களுடைய புனிதப் பாடல்கள் உண்மையிலேயே உறைமோர் மாதிரியான சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன. ஆடு மேய்த்துத் தயிர் உறையவைத்த மக்களின் படைப்புக் கதை அப்படித்தானே இருக்கும்? நீங்கள் வெறுங்காலோடு நடந்தது அந்த உறையின் மேல். செருப்பைக் கழற்றச் சொன்னது அதனால்தான்.

கடவுள் ஏழு மலக்குகளைப் படைத்து உலகத்தை அவர்கள் பொறுப்பில் விட்டார், அந்த ஏழு பேருக்குத் தலைவர் தாவூஸி மெலெக். அவர் பூமிக்கு வந்த நாள் புதன்கிழமை. பழைய கிழக்கு நாட்காட்டிப்படி ஏப்ரலின் முதல் புதன், நம் கணக்கில் ஏப்ரல் 14ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வரும், அதுதான் அவர்களின் புத்தாண்டு, சிவப்புப் புதன். முட்டைகளுக்குச் சாயமேற்றுவார்கள். முட்டை ஓட்டையும் காட்டில் பூக்கும் சிவப்புப் பூக்களையும் மண்ணில் குழைத்து வாசல் நிலைக்கு மேலே அப்புவார்கள். ஏப்ரல் ஆண்டின் மணப்பெண் என்பது வழக்கு, அதனால் அந்த மாதம் வேறு கல்யாணம் கிடையாது. மண் கருவுற்றிருக்கும் மாதம் என்று ஏரும் பூட்டுவதில்லை. நம் ஆடி மாதம் ஞாபகத்துக்கு வருகிறதா? எனக்கும் வந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

மறுபிறவி பற்றி ஃபார்வர்டு சொல்வதில் பாதி உண்மை. இறப்பைச் 'சட்டை மாற்றுவது' என்று அவர்கள் சொல்வதுண்டு. கேட்டதும் நமக்குக் கீதை ஞாபகம் வரும். ஆனால் ஈரான் பக்கத்து ஹவ்ராமான் மலைகளில் தம்பூர் மீட்டிப் பாடும் யார்சான் சமயத்தவரும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்கள், லெபனானின் துரூஸ் சமயத்தவரிடமும் மறுபிறவி நம்பிக்கை உண்டு. அந்த மலைகளுக்குள்ளேயே சுற்றிவரும் பழைய எண்ணம் அது. சாதி விஷயமும் அப்படித்தான். ஷேக், பீர், முரீது என்று மூன்று பிரிவு, ஒன்றுக்குள் ஒன்று பெண் கொடுத்து எடுப்பதில்லை. இப்படி ஒரு ஒற்றுமையைக் கண்டு நாம் பெருமைப்படுவது எனக்குக் கொஞ்சம் விநோதமாக இருக்கிறது. அப்புறம், தாய் தகப்பன் இருவரும் யஸீதியாக இருந்தால்தான் பிள்ளை யஸீதி. வெளியிலிருந்து யாரும் சேர முடியாது. சித்தப்பா கூப்பிட்டாலும் அவர்கள் வர மாட்டார்கள், சித்தப்பா போனாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ஃபார்வர்டு சொல்லாமல் விடும் ஒரு தகவல் இருக்கிறது. நீங்கள் முடிச்சுப் போட்ட கூடத்துக்கு உள்ளே யார் அடக்கமாகியிருக்கிறார் தெரியுமா? ஷேக் அதி பின் முசாஃபிர். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் பிறந்த அரபு சூஃபி, உமையா வம்சத்தவர், பாக்தாதில் படித்தவர். இந்த மலைகளுக்கு வந்து தங்கி 1162இல் இறந்தார். மலைவாசிகளின் பழைய நம்பிக்கைகளும் அவருடைய சூஃபி மரபும் சேர்ந்து உறைந்ததுதான் இன்றைய யஸீதி சமயம் என்று ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். அவரைத் தாவூஸி மெலெக்கின் வடிவமாகவே கொண்டாடும் யஸீதிகளும் உண்டு. முருகன் என்று சொன்னால் இந்தக் கிழவரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சரி, உங்கள் டிரைவருக்கு வருவோம்.

நானே ஒருமுறை தப்புச் செய்திருக்கிறேன். 2014இல் ஐஎஸ் அமைப்பு யஸீதிகளைத் தாக்கிய செய்திகள் வந்த வேகத்தில், 'சாத்தானை வழிபடுவதாகச் சொல்லப்படும் யஸீதிகள்' என்று ஒரு பத்தியில் எழுதிவிட்டேன். 'சொல்லப்படும்' என்று போட்டுவிட்டால் கை சுத்தம் என்று அப்போது நினைத்தேன். யஸீதிகள் ஷைத்தான் என்ற சொல்லை வாயால்கூட உச்சரிப்பதில்லை. பழைய தலைமுறையினர் அதே ஒலி வரும் மற்றச் சொற்களையும் தவிர்ப்பார்கள்.

டிரைவர் சொன்னதற்கு வேர் ஒரு கதை. ஆதாமுக்குத் தலைவணங்கும்படி கடவுள் ஆணையிட்டபோது ஒருவர் மட்டும் மறுத்தார். குர்ஆனில் அவன் இப்லீஸ், ஆணவத்தால் மறுத்து விரட்டப்பட்டவன். ஆனால் 922இல் பாக்தாதில் கொல்லப்பட்ட சூஃபி ஹல்லாஜ் இதைத் திருப்பிப் பார்த்தார்: கடவுளைத் தவிர யாருக்கும் வணங்காதே என்ற முதல் ஆணையை அந்த ஒருவர்தான் காப்பாற்றினார். யஸீதிகளில் சிலரும் இப்படித்தான் சொல்கிறார்கள்: அது ஒரு சோதனை, அதில் தேறியவர் தாவூஸி மெலெக். வேறு பலரோ, இந்தக் கதைக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை, நரகமும் சாத்தானும் எங்கள் சமயத்தில் கிடையாது என்கிறார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் டிரைவர் சொன்னது தப்பு.

அவர் டீயைத் தொடாததில் எனக்கு ஆச்சரியமில்லை. யஸீதி கைப்பட்டதைச் சாப்பிடாத வழக்கம் அந்தப் பக்கம் ரொம்பப் பழையது, யஸீதித் தயிரும் பாலாடையும் சந்தையில் விலைபோகாத கதைகள் உண்டு. அவர் நல்ல மனிதர் என்று நீங்கள் எழுதியிருப்பதையும் நம்புகிறேன். ஆனால் அவர் வாயில் வந்த அந்த ஒரு வாக்கியத்தின் பேரால் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். 1415இல் ஷேக் அதியின் சமாதியை எரித்தார்கள். 1832இல் ரவாந்தூஸின் குர்து சிற்றரசர் ஊர் ஊராக அழித்தார். 1892இல் ஒட்டோமான் துருக்கியரின் தளபதி ஒருவர் படையோடு வந்தார், லாலிஷைப் பிடுங்கி மதரசாவாக மாற்றினார்கள், திரும்பக் கிடைக்கப் பத்து வருடத்துக்கு மேலாயிற்று. இப்படிப்பட்ட அழிவுகளை யஸீதிகள் 'ஃபெர்மான்' என்கிறார்கள். அரசாணை என்று பொருள். அவர்களுக்கு ஆணை என்று வந்ததெல்லாம் கொலைதான். எண்ணிக்கையும் வைத்திருக்கிறார்கள்: 2014 ஆகஸ்ட் 3 அன்று யஸீதிகள் வாழும் ஷிங்கால் பகுதியில் ஐஎஸ் நுழைந்தது 74ஆவது. ஆயிரக்கணக்கில் கொன்றார்கள், பெண்களும் குழந்தைகளுமாக 6,000 பேருக்கு மேல் பிடித்துக்கொண்டுபோனார்கள். நாதியா முராத் அவர்களில் ஒருவர், 2018இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

வெளியாரோடு உறவு ஏற்பட்டவர்களைத் திரும்பச் சேர்ப்பதில்லை என்பது அவர்களின் கறாரான விதி. ஆனால் தப்பிவந்த பெண்களை மதத் தலைவர் பாபா ஷேக், இவர்கள் நம் பிள்ளைகள், யாரும் ஒதுக்கக் கூடாது என்று அறிவித்து ஏற்றுக்கொண்டார். லாலிஷில் வெள்ளை ஊற்று என்று ஒன்று உண்டு, குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளித்துச் சமயத்தில் சேர்க்கும் இடம். அந்தப் பெண்களை அங்கே கொண்டுபோய் மறுபடி தெளித்தார்கள். பிறவியில் ஒரே ஒருமுறை நடக்க வேண்டிய சடங்கு.

பாம்பைப் பற்றிக் கேட்டீர்கள். நோவாவின் கப்பல் வெள்ளத்தில் போகும்போது ஷிங்கால் மலை முகட்டில் இடித்து ஓட்டையானது. தண்ணீர் உள்ளே வரவர, ஒரு கருநாகம் தன் உடம்பைச் சுருட்டி ஓட்டையை அடைத்துக்கொண்டது. உலகம் பிழைத்தது. அதற்கான நன்றிதான் வாசலில் நிற்கிறது. கல் கறுப்பாக இருப்பது கரி பூசிப்பூசி. ஷேக் மெந்த் என்ற ஞானியின் வம்சத்தாருக்குப் பாம்பு கட்டுப்படும் என்றும் நம்புகிறார்கள். நோய்க்கு ஒருவர், மழைக்கு ஒருவர், மாட்டு மந்தைக்கு ஒருவர், பிரசவத்துக்கு ஒருவர் என்று அவர்களுக்கு இப்படி நிறையக் காவலர்கள்.

பாம்பு அங்கே யஸீதிகளுக்கு மட்டும் சொந்தமில்லை. துருக்கியின் மார்தின் பக்கம் முஸ்லிம் குர்துகளின் வீட்டுச் சுவர்களிலும் ஷாமரான் தொங்குகிறாள், இடுப்புக்கு மேல் கிரீடம் வைத்த பெண், கீழே பாம்பு. குகைக்குள் விழுந்த ஒரு பையனைக் காப்பாற்றி வைத்துக்கொண்டாள், வெளியே போனால் தன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கி அனுப்பினாள், அவன் காட்டிக்கொடுத்தான், ராஜாவின் நோய்க்கு மருந்தாக அவளை வெட்டினார்கள். அவள் செத்த விஷயம் பாம்புகளுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் மனிதர்களைச் சும்மா விடாது என்பார்கள். உங்கள் டிரைவரிடம் ஷாமரான் பற்றிக் கேட்டுப்பாருங்கள். ஷைத்தானைப் பற்றிப் பேசியதைவிட நிறையப் பேசுவார் என்று நினைக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். முடிச்சுப் போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வழக்கம் என்னவென்றால், முன்னால் யாரோ வேண்டிக்கொண்டு போட்டுவிட்டுப்போன முடிச்சு ஒன்றை முதலில் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் அவர் கேட்டது நடக்கும். பிறகுதான் உங்களுடையது. உங்களுடையதை அடுத்து வருகிற ஒருவர் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தீர்களா? இல்லையென்றால் எர்பிலிலிருந்து இரண்டு மணி நேரம்தானே, இன்னொரு வெள்ளிக்கிழமை போய் அவிழ்த்துவிட்டு வாருங்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். முடிந்தால் டிரைவரையும் உள்ளே கூட்டிப்போங்கள்.

அன்புடன்.